மலையில் ஓடப் பாதை பார்க்கிறவர்கள் ஏற்றத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குக் கொடைக்கானல் வருகிறவர்களில் காலையில் ஓடும் பழக்கமுள்ளவர்கள் இப்போது நிறையப் பேர். ஊரில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர், இங்கே வந்ததும் செல்போன் வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் வரும் ஒரு வட்டத்தைத் தேடிப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார். பாதியில் மூச்சு முட்டி நிற்பதும், கால் பிசகுவதும், காட்டுமாட்டுக்கு நேர் எதிரே போய் நிற்பதும் பெரும்பாலும் இந்தத் தேர்வின் விளைவுதான். சுற்றுலாப் பக்கங்களில் நடைபாதைகளைப் பற்றி எழுதும்போதும் தூரத்தை மட்டும் போடுகிறார்கள். அதனால் இந்தக் கடிதம்.

மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பது. 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக் கணக்கிடுவது மலையோட்டக்காரர்களின் வழக்கம். பத்து கிலோமீட்டர் பாதையில் 400 மீட்டர் ஏற்றம் இருந்தால் உடம்புக்கு அது பதினான்கு கிலோமீட்டர். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் கையில் இருந்தால் சரிவையும் கணக்கிட்டுவிடலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு சென்டிமீட்டருக்குள் பாதை நான்கு கோட்டு இடைவெளிகளைத் தாண்டினால் 80 மீட்டர் ஏற்றம், 16 சதவீதச் சரிவு. 15 சதவீதத்துக்கு மேல் நம்மில் பலருக்கு ஓடினாலும் வேகமாக நடந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். அங்கே கையைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வைத்து நடப்பதே நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, அந்த ஏற்றம் எங்கே வருகிறது என்பது. கொடைக்கானலில் ஊர் மேலே இருக்கிறது. வட்டக்கானல் பக்கமோ டால்பின் மூக்கு பக்கமோ போனால் தொடக்கம் முழுக்க இறக்கம். கால் தானாக ஓடும், மனசும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று இழுக்கும். களைத்த பிறகு வருவது அத்தனையும் ஏற்றம். இப்படிப்பட்ட பாதையில் கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். தொண்ணூறு நிமிடம் இருந்தால் முப்பதாவது நிமிடத்தில் திரும்புங்கள், மீதி ஏறுவதற்கு.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. வந்த முதல் நாள் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் போதும். அது ஏறக்குறைய சமதளம், எங்கே நின்றாலும் ஆள் நடமாட்டம் உண்டு. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இரண்டாம் நாள் அதோடு மேல் ஏரிச் சாலையைச் சேர்க்கலாம். 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கான ஏற்றத்தை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பதினைந்து கிலோமீட்டர் ஓடியே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரே பெரிய வட்டமாகப் போகாமல், ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் மூன்று சிறு வட்டங்களாகப் பிரித்துக்கொள்ளட்டும். முழங்கால் வலித்தாலும் மூடுபனி இறங்கினாலும் அடுத்த வட்டத்தை விட்டுவிடலாம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் காலைக் கெடுக்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துப் படி இறங்கும்போதுதான் தெரியும். உடம்பைப் பின்னால் சாய்க்காமல், பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி எட்டைக் குறுக்கி, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்த்தபடி இறங்க வேண்டும்.

தரையும் ஆளை ஏமாற்றும். பைன் தோப்பில் உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கும். அடியில் வேரும் குழியும் கண்ணுக்குத் தெரியாது, நனைந்துவிட்டால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். கிழக்குச் சரிவுகளில் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். அது முடிந்த பிறகும் வெயில் படாத சிமென்ட் பாதைகளிலும் கல்படிகளிலும் பாசி போகாது. சோலைக்குள் அட்டை ஏறும். அந்த மாதங்களில் தார்ச்சாலையே மேல்.

சாலையில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக ஓடுவது சரி. ஆனால் சாலை வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் உள் ஓரத்தில் ஓடுகிறவரை ஓட்டுநர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். வளைவுக்கு முன்பே வெளி ஓரத்துக்கு மாறிவிடுங்கள். தூண்பாறைச் சாலையை வார இறுதியில் தவிர்ப்பது நல்லது.

காட்டுமாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். ஊருக்குள்ளும் சாலையோரப் புல்லிலும் விடியற்காலையில் சாதாரணமாக நிற்கும், தானாக வந்து முட்டுவது அரிது. வளைவு திரும்பியதும் சத்தமில்லாமல் ஓடிவரும் ஆளைக் கண்டு மிரளும்போதுதான் ஆபத்து. அதனால் காதில் பாட்டுக் கருவி கூடாது, வளைவுக்கு முன்னால் கொஞ்சம் பேச்சுச் சத்தம் வேண்டும். பாதையில் சாணம் கிடந்தால் நின்று பாருங்கள். மேல்புறம் காய்ந்து ஆடை கட்டியிருந்தால் பழையது. பளபளவென்று ஈரமாக, குளிரில் இலேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தால் மாடு பக்கத்தில்தான் நிற்கிறது. தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று மூச்சு விடுவதும், திமில் தெரியப் பக்கவாட்டில் திரும்பி நிற்பதும் எச்சரிக்கை. ஐம்பது மீட்டருக்குக் கிட்டே போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நுழையாதீர்கள், அது இறங்கிப் போகும் வழியை மறிக்காதீர்கள். வந்த வழியே மெல்ல நடந்து திரும்புங்கள், ஓட வேண்டாம். முந்தைய நாள் சாயங்காலமே பால்காரரிடமோ தோட்ட வேலைக்குப் போகிறவர்களிடமோ “மாடு எந்தப் பக்கம் நிக்குது?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜனவரியில் சூரியன் உதிக்கவே காலை 6.35 தாண்டிவிடும், பள்ளத்தில் வெளிச்சம் அதற்கும் பிந்தியே விழும். அதற்கு முன் காட்டோரப் பாதையில் கால் வைக்கக் கூடாது.

வேறு யாரோ ஓடிய தடம் செயலியில் கோடாகத் தெரிகிறது என்பதால் அந்த வழியில் போக அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. 2013 முதல் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த புல் சரிவுகளின் பக்கமே போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். தீ மேல்நோக்கிப் போகும்போது தன் வெப்பத்தாலேயே மேலேயுள்ள புல்லைக் காயவைத்துக்கொண்டு விரைகிறது. மேட்டில் ஏறித் தப்பிக்க நினைப்பவரை அது முந்திவிடும். வெளியேற ஒரே வழி உள்ள சரிவு எதுவானாலும் அந்த மாதங்களில் வேண்டாம்.

புதுப் பாதையை ஓடுவதற்கு முன் ஒருமுறை அதே நேரத்தில் நடந்து பாருங்கள். எங்கே சிக்னல் போகிறது, எங்கே நாய்கள் கிடக்கின்றன, எந்த இடத்தில் சாலைக்கு ஏறிவிடலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும். விசில், அரை லிட்டர் தண்ணீர், காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை இவை இடுப்புப் பையில் இருக்கட்டும். திரும்பும் நேரத்தைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மலைப் பாதைகளைப் பற்றி எழுதும்போது கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஏற்றம் எத்தனை மீட்டர், அனுமதி வேண்டுமா, எந்த மாதங்களில் போகக் கூடாது என்பதையும் அச்சிடுங்கள். நகராட்சிக்கும் ஒன்று: ஏரிக்கரையில் ஒரு கரும்பலகை வைத்து, காட்டுமாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தினமும் சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். ஓடுகிறவர்களுக்கு மட்டுமின்றி, நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
மலைப்பாதை ஓட்டப் பயிற்சியாளர்கள் சிலர்,
கொடைக்கானல்.