ஓரியன் நெபுலாவுக்கு ஒரே வயதா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விண்மீன் பிறப்புக் கட்டுரையில், ஓரியன் நெபுலாவிலுள்ள (விண்மீன்கள் பிறக்கும் வாயு-தூசி மேகத்திலுள்ள) விண்மீன்களுக்கு 20 லட்சம் ஆண்டு வயது என்று பொதுவாகப் போட்டிருந்தீர்கள். அது விளிம்புக்கு ஏறக்குறையப் பொருந்தும், நடுவுக்குப் பொருந்தாது. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் தரவுகளையும் அகச்சிவப்புத் தரவுகளையும் சேர்த்து 2014-இல் வெளியான கணக்கில் நடுப்பகுதிக்கு 12 லட்சம்தான். அருகிலேயே, ஓரியன் விண்மீன் குழுவின் இடைவாரில் (வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களில்) கிழக்கோரம் உள்ள விண்மீனை ஒட்டிய என்.ஜி.சி. 2024 என்ற இளம் விண்மீன் கூட்டத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: நடுவில் 2 லட்சம், வெளியே 15 லட்சம்.

வாயு அடர்ந்த நடுவில்தான் பிறப்பு முதலில் தொடங்கும், மூத்தவை அங்கே இருக்கும் என்பது எளிய ஊகம். கிடைத்தது அதற்கு நேர்மாறு. நடுவில் வாயு தீராததால் பிறப்பு நீடித்திருக்கலாம். மூத்தவை மெல்ல வெளியே விலகியிருக்கலாம். இழைகளாகப் புதிய வாயு உள்ளே வந்து சேர்ந்திருக்கலாம். ஒற்றை எண்ணைப் போட்டால் இந்தக் கேள்வியே எழாது. அதுதான் எங்கள் வருத்தம்.

வயது கணிக்கும் முறையையும் கட்டுரை தொடவில்லை. இளம் விண்மீன்கள் எக்ஸ் கதிரில் சூரியனைவிடப் பன்மடங்கு பிரகாசமானவை. அதைக்கொண்டு, குறுக்கே தெரியும் முதிய விண்மீன்களைக் கழிக்கிறார்கள். அதே பிரகாசத்திலிருந்து நிறையைத் தோராயமாக எடுக்கிறார்கள். பிறகு 1.25 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் தூசி மறைத்த பங்கைத் திருத்துகிறார்கள். இளம் விண்மீன் சுருங்கச் சுருங்க மங்கும்; ஆகவே நிறையும் பிரகாசமும் தெரிந்தால் கோட்பாட்டு அட்டவணையில் வயது கிடைக்கும்.

தவறு நுழையும் இடங்கள் பல. தூசியைக் குறைத்து மதிப்பிட்டால் விண்மீன் மங்கலாகி, வயது கூடிவிடும். சமமான இரட்டை விண்மீன்களை ஒன்றென்று எடுத்தால் 0.75 பருமன் (விண்மீன் பிரகாசத்தின் அலகு) அளவுக்குப் பிரகாசம் ஏறி, வயது குறைந்துவிடும். தொலைவில் 10 சதவீதம் பிசகினால் பிரகாசத்தில் சுமார் 20 சதவீதம் பிசகும். கையா விண்கலம் தொலைவை நன்றாகவே அளந்தது. ஆனால் அது பார்த்தது கண்ணுறு ஒளியில், தூசிக்குள் புதைந்தவை அதற்குத் தெரியாது. அதனால்தான் தனி விண்மீனின் வயதை நம்பாமல், பகுதி பகுதியாகப் பிரித்து இடைநிலை மதிப்பை எடுக்கிறார்கள்.

நம் கரையில் தைத் தொடக்கத்தில் இரவு 10 மணிவாக்கில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். நிலவில்லாத இரவில், ஊர் விளக்கு எட்டாத மணலில் மல்லாந்து படுத்து 10x50 பைனாகுலரில் பார்த்தால், இடைவாருக்குத் தெற்கே நெபுலா புகைத் திட்டாகத் தெரியும். என்.ஜி.சி. 2024 அதில் சிக்காது. வாடைக்காற்றில் லென்ஸில் படியும் உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தத்தோடு, நடுவுக்கும் விளிம்புக்கும் வேறுவேறு நிறமிட்ட ஒரு வரைபடமும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண்டபம் வட்டார வாசகர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்