அக்கா படிக்க முடியாத குறிப்பு

அன்புள்ள மச்சான்,

நான்கு மாதமாக எழுதவில்லை, கோபப்படாதே. இங்கே எல்லாரும் நலம். மாடி வேலை இன்னும் முடியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பெரியக்கா வந்திருந்தாள். கண் அறுவைக்குப் பிறகு திரையை நாலு மடங்கு பெரிதாக்கித்தான் படிக்கிறாள். நான் கட்டிக்கொடுத்த ஒரு இணைய விண்ணப்பத்தை என் எதிரிலேயே நிரப்பினாள். கேள்விக்குறி மேல் மவுஸை வைத்ததும் குறிப்புப் பெட்டி வந்தது. ஆனால் பெரிதாக்கிய திரையில் பாதிதான் தெரிந்தது. மவுஸ் நகர்ந்தால்தான் அவள் திரை நகரும். நகர்த்தினால் பெட்டி மறைந்துவிடுகிறது. ஐந்தாறு முறை முயன்றுவிட்டு, "என் கைதான் சரியில்லை போல" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதற்கு விதியே இருக்கிறது மச்சான். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டித் தொகுப்பு டபிள்யூசிஏஜி. 2018இல் வந்த அதன் 2.1 பதிப்பில் 1.4.13ஆம் விதி. மவுஸை அசைக்காமலே, எஸ்கேப் மாதிரி ஒரு விசையை அடித்து மூட முடிய வேண்டும், மவுஸ் பெட்டியின் மேல் போனாலும் அது நிற்க வேண்டும், படிப்பவர் விலகும்வரை தானாக மறையக் கூடாது. நான் மூன்றையும் மீறியிருந்தேன். கேள்விக்குறிக்கும் பெட்டிக்கும் நடுவே அழகுக்காக எட்டு பிக்சல் இடைவெளி விட்டிருந்தேன். மவுஸ் அந்த இடைவெளியில் விழுந்த நொடியே பெட்டி மூடிக்கொண்டது. இப்போது அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டையைப் பாலமாகப் போட்டுவிட்டேன், மூடுவதற்கும் கொஞ்சம் தாமதம் வைத்தேன். கேள்விக்குறியைப் பட்டனாகவே மாற்றிவிட்டேன். டேப் விசையில் வருகிறவர்களுக்கும் குறிப்பு திறக்கும்.

அப்புறம் உன் மூன்றடுக்கு மெனு. சண்டைக்கு வராதே, நேற்று அரை மணி நேரம் அதில் சுற்றினேன். துணைப் பட்டியலுக்குக் குறுக்காகப் போனால், வழியில் இருக்கும் அடுத்த வரி திறந்துகொள்கிறது. மவுஸ் இருக்கும் இடத்தையும் துணைப் பட்டியலின் மவுஸ் பக்கத்து இரண்டு மூலைகளையும் சேர்த்து ஒரு முக்கோணம் கணக்கிடு. அதற்குள் மவுஸ் போகும்வரை எதையும் மாற்றாதே. அமேசான் மெனு இப்படித்தான் செய்தது. ஆனால் போனில் மவுஸே இல்லையே. அங்கே தொட்டால் திறக்கும் பட்டன்தான் வழி, அதில் ஏரியா-எக்ஸ்பாண்டட் மறக்காதே, பட்டியல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று திரைவாசிப்பான்களுக்குச் சொல்வது அதுதான்.

பழைய ஐஇ6 பிரவுசரில் லிங்க் தவிர வேறெதிலும் ஹோவர் (மவுஸை மேலே வைத்தால் மாறுவது) வேலை செய்யாமல் விடிய விடிய உட்கார்ந்தோமே, அந்தப் போண்டா இரவு நினைவிருக்கிறதா? இன்று பெட்டியின் எச்டிஎம்எல்லில் பாப்ஓவர் என்று ஒரு பண்பு எழுதினால் போதும், எஸ்கேப் அடித்தாலும் வெளியே தொட்டாலும் பிரவுசரே மூடிவிடுகிறது. எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளாமல் இருக்க நமக்குக் காரணமே இல்லை.

நேற்று அக்காவை மறுபடி உட்காரவைத்தேன். குறிப்பைக் கடைசி வரை படித்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு கூப்பிடு. மெனுவைச் சேர்ந்தே திருத்துவோம்.

உன்,
மச்சான்