ஏரி குளிர்ந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்

எரிமலை வாய் ஏரிகளைக் கண்காணிக்கும் ஆய்வகங்களுக்கும் அவற்றுக்குப் பணம் ஒதுக்குவோருக்கும்,

வணக்கம். ஏரியின் வெப்பநிலையும் பிஎச் அளவும் (நீர் எவ்வளவு அமிலம் என்று காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) மட்டும் பார்த்து "அமைதி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2007 செப்டம்பர் 25 அன்று நியூசிலாந்தின் ருவாபெஹு எரிமலை வெடித்தபோது அதன் ஏரி குளிர்ந்துதான் கிடந்தது. உச்சிக்கு அருகே தங்கியிருந்த மலையேறி ஒருவருக்குக் காலே போய்விட்டது. ஏரிக்கு அடியில் வாயு வரும் பாதையைக் கந்தகமும் படிவுகளும் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறியிருந்தது என்று ஆய்வாளர்கள் பிறகு விளக்கினார்கள். கந்தகத்தின் குணம் அப்படி. சுமார் 119 டிகிரியில் உருகி வைக்கோல் நிறத்தில் நீர்போல ஓடும். 160 டிகிரியைத் தாண்டினால் சட்டென்று கருத்து, பாகுபோல இறுகிவிடும். வாயுவும் சூடும் மேலே வராதபோது ஏரி குளிரத்தானே செய்யும்?

சரி, பிஎச்? கீழிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. ஹைட்ரஜன் குளோரைடும் கரைகிறது. ஜாவாவின் காவா ஈஜென் ஏரியில் பிஎச் 0.5-க்கும் கீழே. அந்த அளவில் பிஎச் அளக்கும் கண்ணாடி மின்முனையே தடுமாறும். ஏற்கெனவே அவ்வளவு புளித்த நீரில் இன்னும் கொஞ்சம் அமிலம் சேர்ந்தால் அந்த எண் அசைவது அரிது.

சேதி சொல்வது நீரில் கரைந்திருக்கும் வேறு அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்). சூடான புதுப் பாறைக்குழம்பை அமிலம் அரித்தால் மக்னீசியம் கரைந்து வரும். குளோரைடோடு ஒப்பிட்டால் அதன் விகிதம் ஏறும். அப்புறம் பாலிதயோனேட்டுகள், அதாவது கந்தக அணுக்கள் சங்கிலிபோலக் கோத்த அயனிகள். ஜப்பானின் யுகாமா ஏரியில் 1982 வெடிப்புக்கு முன்பே இவை குறையத் தொடங்கின. கந்தக டை ஆக்சைடு மிகுந்தால் அவை சிதைந்துபோகும். எந்த வெப்பமானியும் இதைக் காட்டாது. ஒரு பாட்டில் தண்ணீர் காட்டும்.

ஆனால் ஒற்றைப் பாட்டிலால் பயனில்லை. போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் எடுத்தது இருந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஆகவே செலவைக் குறைக்க நேர்ந்தால் மாதிரி எடுப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். விளிம்பில் இறங்குவது ஆபத்து என்றால் ட்ரோன் அனுப்புங்கள். யுகாமாவில் அப்படி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசியாகத் தண்ணீர் எடுத்த தேதியையும் போடுங்கள். அந்தத் தேதி பழையதாக இருந்தால் மலையேறுகிறவர்கள் தெரிந்துகொண்டே ஏறட்டும்.

அக்கறையுடன்,
ஒரு வேதியியல் ஆர்வலர்