14-ஆம் பக்கம்

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு, அப்பச்சி எழுதுவது.

நீ அனுப்பிய ஸ்பெசிபிகேஷனை, வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கான்ட்ராக்டருக்குச் சொல்லும் காகிதத்தை, இரண்டு தடவை படித்தேன். பம்ப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும், யார் முன்னால் டெஸ்ட், எல்லாமே எண்ணோடு இருக்கிறது. ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் புரியாவிட்டாலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

ஃபைலைச் சேமித்த நேரத்தையும் பார்த்தேன். மூன்று நாளும் இரவு இரண்டு மணிக்கு மேல். பிள்ளையார் நோன்புக்கும் நீ வரவில்லை. உன் பெயரைச் சொல்லி ஆத்தாதான் நோன்பு இழையை, மாவில் வைத்து ஏற்றும் அந்த நூல்திரியை, எடுத்துக்கொண்டாள். அது இருக்கட்டும்.

14-ஆம் பக்கத்துக்கு வருகிறேன். "இரும்புத் தளத்துக்குத் தரமான பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும்." கடலோரத்தில் நிற்கப்போகிற இரும்புக்கு இந்த ஒரு வரி போதுமா? நேரு 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரி, துருவை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, துருவை இப்படித் தாண்டிப் போகலாமா?

தரத்தை எந்தக் கருவியால் அளப்பாய்? அளக்க முடியாத சொல்லை எடுத்துவிடு. போதுமான, தகுந்த, சைட் நிலைமைக்கு ஏற்ப, இவையும் வேண்டாம்.

பெயிண்டைவிட அடியில் இருக்கிற இரும்புதான் முக்கியம். உப்புக்காற்றில் கிடந்த இரும்பை முதலில் நல்ல தண்ணீரில் கழுவச் சொல். கழுவாமல் பிளாஸ்டிங் செய்தால், அதாவது துகள்களை வேகமாகப் பாய்ச்சித் துருவை எடுத்தால், உப்பு குழிகளிலேயே தங்கிவிடும். பிறகு பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும். கழுவிய பின் ஐஎஸ்ஓ 8501-1 தரவிதிப்படி எஸ்ஏ 2½ என்கிற சுத்த அளவு வரை பிளாஸ்டிங், சொரசொரப்பு 40 முதல் 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர்.

கோட் மூன்று. அடியில் துத்தநாகம் கலந்த ஜிங்க் எபாக்சி 60 மைக்ரான், நடுவில் எபாக்சி 140, மேலே பாலியூரிதேன் 60. மொத்தம் 260 மைக்ரான், காய்ந்த பின். அந்த 'காய்ந்த பின்' விட்டுப்போகக் கூடாது. நடு கோட் பெயிண்டில் திடப்பொருள் நூற்றுக்கு 70 என்றால், 140 கிடைக்க ஈரத்தில் 200 அடிக்க வேண்டும். பெயிண்டர் பத்துக்கு ஒன்று தின்னர் ஊற்றினால், அதே 200 காய்ந்து 127-தான் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தின்னர் அளவையும் எழுது.

எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதையும் அங்கேயே எழுது. வெறும் 260 என்று விட்டால், 250 வந்த இடத்தை இன்ஸ்பெக்டர் தள்ளுவார், கான்ட்ராக்டர் சராசரியைக் காட்டிச் சண்டை போடுவார். சராசரி 260-க்குக் குறையக் கூடாது. எந்த ஓர் இடமும் 208-க்குக் கீழே போகக் கூடாது. 260-க்குக் குறைவாக வரும் அளவுகள் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது.

ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் வேலையை நிறுத்தச் சொல். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிப்புள்ளி சுமார் 27.2. அப்போது 30 டிகிரி இரும்பில்கூடப் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

விளிம்பை மறந்துவிட்டாய். கூர்விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகி மெலிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு விளிம்பை உருட்டச் சொல். வெல்டிங், போல்ட் துளை, விளிம்பு எல்லாவற்றுக்கும் கோட்டுக்குக் கோட் பிரஷ்ஷால் தனிப் பூச்சு.

இன்னொன்று. டிராயிங் குறிப்பில் எனாமல் பெயிண்ட் என்று வேறாகக் கிடக்கிறது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே. முரண்பட்டால் டிராயிங்கா ஸ்பெசிபிகேஷனா, எது செல்லும் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு.

நம் வீட்டு வளவுச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு சுண்ணாம்புப் பூச்சும் எந்தப் பதத்தில், எத்தனை நேரம் தேய்க்க வேண்டும் என்பது அந்தக் கொத்தனார் கையிலேயே இருந்தது. உன் பெயிண்டர் நேற்று வேறு சைட்டில் இருந்தார், நாளை வேறு சைட்டுக்குப் போவார். அவருக்கு உன் காகிதம்தான் இருக்கிறது. அளக்க முடியாத சொல்லை எடுத்துவிடு, தம்பி.

அந்த 'தரமான பெயிண்ட் இரண்டு கோட்' வரி உன்னுடையது இல்லை. என் பழைய ஃபைலிலிருந்து எடுத்திருக்கிறாய், பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தூண்களுக்கு நான் எழுதியது. இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்தது. கான்ட்ராக்டர் நான் எழுதியபடியே இரண்டு கோட் அடித்திருந்தார். அவருடைய டெபாசிட்டை நிறுத்திவைத்தேன். தப்பு என் காகிதத்தில்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. ஃபைலை உன் கையில் கொடுத்தபோது உன்னிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக்காக உன் ஆபீசில் யாராவது உன்னை ஏதாவது சொல்லியிருந்தால், அது எனக்குச் சேர வேண்டிய பேச்சு.

திருத்தி அனுப்பு, மறுபடி படிக்கிறேன். ராத்திரி வேண்டாம், பகலில் எழுது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அப்பச்சி