ஷெட் போடுறவங்க தரைக்கும் கணக்கு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி வெல்டிங், மரவேலைக்குன்னு ஷெட் போடுறவங்க ஷீட் எவ்ளோ, பைப் எவ்ளோன்னுதான் விசாரிக்கிறாங்க, தரையை கடைசிலதான் நினைக்கிறாங்க, 10க்கு 12 அடி இடத்துக்கு 4 இன்ச் கான்கிரீட் போட்டாலே சிமெண்ட் 9 மூட்டை கிட்ட வந்துடும், ஜல்லி, எம்சாண்ட், கூலி எல்லாம் தனி. 2025 செப்டம்பர்ல சிமெண்ட் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது, பில்லுல அதைப் பாத்து வாங்குங்க. 2018 கஜா புயல்ல நம்ம டெல்டால கூரை ஷீட் எப்படி பறந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால பைப் காலை கான்கிரீட்ல ஆழமா புதைக்கிற செலவுல மட்டும் கை வைக்காதீங்க. மெஷின் ஓடுற இடம், எர்த்திங்கும் கட்டாயம். தங்கம் விலை தினமும் போடுறீங்க, வாரம் ஒருநாள் சிமெண்ட், ஜல்லி, கம்பி விலையும் மாவட்டவாரியா போடுங்க சார், ரொம்ப உதவியா இருக்கும்.

– வாசகர், மன்னார்குடி