வாட்லிங் வீதியின் ரோமானியத் தடத்தைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
எட்ஜ்வேர், பேர்ன்ட் ஓக் பகுதித் தமிழ்க் குடியிருப்பாளர்கள்,
வடமேற்கு லண்டன்.

பெறுநர்:
பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
உள்ளூராட்சி மன்ற அலுவலகம்.

பொருள்: வாட்லிங் வீதி எனப்படும் ஏ5 வீதியில் பள்ளம் தோண்டும்போது தொல்லியல் மேற்பார்வையும், வழிநெடுகத் தகவல் பலகைகளும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மார்பிள் ஆர்ச்சில் தொடங்கி, கில்பர்ன், கிரிக்கிள்வுட் வழியாக எட்ஜ்வேரைத் தாண்டி புரொக்லி ஹில் மேட்டில் ஏறும் ஏ5 வீதி ரோமானியர் போட்ட வழி. 32ஆம் இலக்கப் பேருந்தின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து பார்த்தால் போதும், அது எவ்வளவு நேராக ஓடுகிறது என்பது புரியும்.

கி.பி. 43இல் கென்ட் கரையில் ரோமானியப் படை இறங்கிய பிறகு உருவான வழி இது. டோவர், ரிச்பரோ துறைமுகங்களில் இருந்து கேன்டர்பரி, லண்டன், இன்று சென்ட் ஆல்பன்ஸ் எனப்படும் வெருலாமியம், அப்புறம் ஃபாஸ் வே என்ற இன்னொரு ரோமானியச் சாலை குறுக்கிடும் ஹை கிராஸ், கடைசியில் வேல்ஸ் எல்லைக்கு அருகே ராக்ஸ்டர். 9ஆம் நூற்றாண்டில் அரசர் ஆல்ஃபிரட் டேனியரோடு எல்லை பிரித்துக்கொண்டபோதும் இந்த வீதி எல்லைக்கோட்டில் வந்தது.

நம் பகுதியின் பெருமை புரொக்லி ஹில். ரோமானியரின் பயணக் குறிப்பில் சுல்லோனியாசிஸ் என்று வரும் இடம் இதுதான் என்று கருதப்படுகிறது. லண்டனில் இருந்து 12 ரோமானிய மைல், வெருலாமியத்துக்கு இன்னும் 9. அங்கே அகழ்ந்தபோது மட்பாண்டச் சூளைகள் கிடைத்தன. உள்பக்கம் கரகரவென்று கல்துகள் பதித்த, அரைப்பதற்கான சட்டிகள் அங்கே சுடப்பட்டன. விளிம்பில் டோயினஸ், மட்டுஜெனஸ் என்று குயவர்களின் முத்திரை இருக்கிறது. இப்பகுதிச் சூளைகளின் சட்டிகள் ஸ்காட்லாந்து வரை போயிருக்கின்றன. பெயர் தெரிந்த இரண்டு தொழிலாளிகள் வேலை செய்த மேடு இது. எங்கள் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு வளர வேண்டும்.

இப்போதுள்ள கவலை இதுதான். கட்டட அனுமதி கேட்டு வரும் இடங்களில் தொல்லியல் நிபந்தனை போட முடிகிறது. குழாயும் கேபிளும் பதிக்கத் தோண்டும் பள்ளங்களோ பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை. தாருக்குக் கீழே இறுகிய சரளைப் படையோ, ஓரத்துப் பழைய வாய்க்காலோ எஞ்சியிருந்தால், இயந்திரம் ஒருமுறை வெட்டியதோடு போய்விடும். திரும்ப வைக்க முடியாது.

ஆகவே, ஏ5 வீதியில் ஆழமாகத் தோண்டும் எந்த வேலையானாலும் முன்கூட்டியே தொல்லியல் ஆலோசகருக்கு அறிவிக்கவும், தேவைப்பட்டால் அவர் வந்து பார்த்துப் பதிவுசெய்த பிறகே பள்ளத்தை மூடவும் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். மன்றங்களின் எல்லைக்கோடு இந்த வீதியோடேயே போவதால், ஒரு பக்கம் மட்டும் கவனித்துப் பயனில்லை. எதிர்ப்பக்க மன்றங்களோடும் தாங்கள் பேச வேண்டும். கில்பர்னில் இருந்து புரொக்லி ஹில் வரை, தமிழ் உட்பட இங்கே பேசப்படும் மொழிகளில், ஒரே தொடராகத் தகவல் பலகைகளும் வேண்டும். அவற்றின் தமிழ் வாசகங்களை எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இது குறித்து நேரில் பேச ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எட்ஜ்வேர், பேர்ன்ட் ஓக் பகுதித் தமிழ்க் குடியிருப்பாளர்கள்