முகத்தை மட்டும் பார்க்கும் விமர்சனம்

ஆசிரியருக்கு,

வணக்கம். வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு உங்கள் இதழில் வரும் விமர்சனப் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். பறவைப் படம், இயற்கைக் காட்சி என்றால் அங்கே சொல்லப்படும் கருத்துகள் நன்றாகவே உதவுகின்றன. உடலுழைப்புத் தொழிலாளர்களின் படங்கள் வரும்போதுதான் மனம் ஒப்பவில்லை. சென்ற இதழில், தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு சாரப் பலகையில் ஏறும் ஒருவரின் படம் வந்திருந்தது. முகத்தின் சோகம் மனதைப் பிசைகிறது, கீழே தெரியும் பலகையும் மணலும் கவனத்தைச் சிதறடிக்கின்றன, முகத்தோடு கிராப் செய்திருக்கலாம் என்று அதற்கு விமர்சனம்.

அந்தப் பலகையை வெட்டிவிட்டால் படத்தில் வேலையே இருக்காது. சுமை எவ்வளவு என்பது கழுத்து நரம்பில் தெரிகிறது, பலகையை இறுகப் பற்றும் கால்விரல்களில் தெரிகிறது, சும்மாடு அமுங்கியிருக்கும் விதத்தில் தெரிகிறது. பலகை எவ்வளவு செங்குத்து, பக்கத்தில் பிடிமானம் உண்டா, காலில் செருப்பு உண்டா, எல்லாமே ஃபிரேமின் கீழ்ப்பாதியில்தான் இருந்தன. முகம் சுளித்திருந்தது உண்மைதான். நிழல் விழுந்திருந்த திசையைப் பார்த்தாலே தெரியும், வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. அதைச் சோகம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? தன் வேலையில் கண்ணாக இருந்த ஒரு மனிதரைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்கியது படம் அல்ல, விமர்சனம்.

ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த பிள்ளைகளைப் படம் எடுத்தார். நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் சிறுமியை நிற்கவைத்து, நீண்டு கிடக்கும் அந்த இயந்திர வரிசையும் தெரியும்படி எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. தன் கோட்டுப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணக்கிடுவார். பெயரையும் வயதையும் குறித்துக்கொள்வார். குழந்தைத் தொழிலாளர் சட்டங்களுக்கான பிரசாரத்தில் அந்தப் படங்கள் சான்றாக நின்றன. இயந்திரம் ஃபிரேமுக்குள் இருப்பதால்தான் அந்தப் பெண் எவ்வளவு சின்னவள் என்று நமக்கு உறைக்கிறது. பின்னணி உறுத்துகிறது என்று யாராவது சொல்லி அவரும் அதை வெட்டியிருந்தால் ஒரு சிறுமியின் படம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கறுப்பு வெள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிலாளி படம் என்றாலே நிறத்தை எடுத்துவிடு, கான்ட்ராஸ்ட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, ஏற்று என்ற அறிவுரை வந்துவிடுகிறது. ஏற்றினால் தோல் வெடிப்பும் சுருக்கமும் தூக்கலாகி, நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரராகிவிடுகிறார். சாயப்பட்டறையில் வேலை செய்பவரின் கையில் நிறம்தானே செய்தி?

தொழில்நுட்பம் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வேலையிலிருந்து தொடங்கிப் பேசலாம். சம்மட்டி அடிப்பவரை 1/1000 நொடியில் எடுத்தால் சம்மட்டி அந்தரத்தில் நின்றுவிடும், தூக்கிப் பிடித்து போஸ் கொடுப்பதுபோலக்கூட ஆகிவிடலாம். 1/30 நொடியில் எடுத்தால் சம்மட்டி கோடாக இழுபடும், ஊன்றிய கால் அசையாமல் நிற்கும், அடியின் வேகம் தெரியும். ஷார்ப்பாக இல்லை என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுவதைவிட, இந்த வேலைக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கேட்கும் கருத்துதான் எடுத்தவருக்கு அடுத்த முறை கைகொடுக்கும்.

சரி, கருத்தைக் கேட்டுக்கொள்பவர்? நண்பர்கள் சிலர் கூடிப் படங்களைப் பார்க்கும்போது, எடுத்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். இவர் என்ன செய்கிறார், அடுத்த நொடி என்ன செய்யப் போகிறார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கிணற்றில் தூர்வாருகிறவரைப் பார்த்துப் பலரும் குளிக்கிறார் என்று சொன்னால், அப்புறம் எவ்வளவு விளக்கினாலும் படம் மாறப் போவதில்லை. அவருக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்பது முக்கியமானால் அது படக்குறிப்பில் இருக்க வேண்டும், எடுத்தவரின் வாதத்தில் அல்ல.

இத்தனை பேச்சிலும் விடுபட்டுப் போகிறவர் படத்தில் இருப்பவர். 1936இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்தது. படத்தில் பட்டாணியும் இல்லை, வயலும் இல்லை. கவலை தோய்ந்த முகமும் தோளில் சாய்ந்த பிள்ளைகளும்தான். அந்தத் தாயின் பெயரை லாங்கே குறித்துக்கொள்ளவில்லை. அவர் யாரென்பது 1978இல்தான் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொன்னதும் நடக்கவில்லை என்றார் அவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் வியந்து பேசிய படத்துக்கு, அதில் இருந்தவரின் கருத்து அவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது.

படத்தில் இருக்கும் தொழிலாளர்களிடம் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர்கள் பார்ப்பதே வேறு. "மண்வெட்டியை இப்படிப் பிடிச்சா இடுப்பு போயிடும் தம்பி, போட்டோவுக்காகப் பிடிக்கச் சொன்னியா?" என்று கேட்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் நிற்பது தெரிகிறதே, இது வெளியானால் வேலை போகுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் தீராத வரை, படம் நல்ல படமா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பகுதியில் தொழிலாளர் படங்களைப் போடும்போது, என்ன வேலை, படம் எடுக்க அவர் சம்மதித்தாரா, எடுத்ததை அவரிடம் காட்டினார்களா என்பதையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அந்தத் தொழில் தெரிந்த ஒருவரின் கருத்தை ஒளிப்படக் கலைஞரின் கருத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு இடம் கொடுத்துப் போடுங்கள். கட்டட வேலைப் படம் என்றால் கொத்தனாரோ சித்தாளோ பேசட்டும். எழுதித் தர அவர்களுக்கு நேரமில்லை என்றால், உங்கள் நிருபர் போய்க் கேட்டு எழுதிவரலாம்.

இப்படிக்கு,
தொடர் வாசகர் ஒருவர்